தளங்களும் முழுமையும்: காந்தப் பரிவு மென்பொருள்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பனுவலொன்றின் பொருளை ஆராயப் புகுமுன்னர் அது எவ்வுருவில் எமது கைக்கு வந்து சேர்ந்தது என வினவுதல் தமிழாய்வுக்குப் புதியதன்று. கட்டவிழ்ந்து ஒழுங்கு பிறழ்ந்த சுவடிகளைக் கொண்டு பழஞ்செய்யுள்களை அச்சேற்ற முனைந்த சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள், ஏட்டின் வரிசையும் பொருளின் ஒரு பகுதியே என்பதைத் தமது பட்டறிவால் உணர்ந்திருந்தனர். இன்று உயிரிரசாயன ஆய்வுகூடங்களில் நாள்தோறும் வாசிக்கப்பட்டுவரும் ஒருவகைப் பனுவலும் இத்தகைய ஏடுகளின் கட்டாகவே உள்ளது. அணுக்கருக் காந்தப் பரிவு முறையாற் பெறப்படும் முப்பரிமாண நிறமாலையையே, எமது பாடநூல்கள் திருசியம் என வழங்குவதையே, இங்குக் கருதுகிறோம். அந்நிறமாலை கணினித் திரையில் ஒருபோதும் முழுமையாகத் தோன்றுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்ட தளங்களாகவே அது சேமிக்கப்படுகின்றது. தளந்தளமாகவே வாசிக்கவும் படுகின்றது.

இலக்கிய விமர்சனத்தைத் தொழிலாகக் கொண்டோர் இரசாயனவியலாளரின் கருவிகளைப் பற்றிப் பேசலாமா எனும் வினா எழுதல் இயல்பே. புரதங்களைப் பற்றி இரசாயனவியலாளருக்குக் கற்பிக்க நாம் முற்படவில்லை. ஆயின் வடிவத்துக்கும் உள்ளடக்கத்துக்குமுள்ள உறவு, பகுதிக்கும் முழுமைக்குமுள்ள உறவு, உழைப்பு தன் விளைபொருளில் மறைந்துபோகும் விதம் ஆகியவை இலக்கியத்துக்கு மாத்திரம் உரிய பிரச்சினைகள் அல்ல. மென்பொருளும் மனிதர் எழுதியதே. வாசிக்கும் முறையொன்றை அது வாசகனுக்கு விதிக்கின்றது. அவ்வகையில் அது விமர்சனத்துக்கு உட்பட்டது.

முதலில் அப்பனுவலின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். வலிமை வாய்ந்த காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட சில அணுக்கருக்கள் வானொலி மீடிறன் கொண்ட அலைகளை உறிஞ்சி மீள வெளியிடுகின்றன. ஒவ்வொரு கருவும் எம்மீடிறனில் ஒலிக்கும் என்பது அதன் அயலில் எவ்வணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைப் பொறுத்துச் சிறிதளவு வேறுபடும். வேறுபாடு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு எனும் அலகில் அளக்கப்படுவது. ஆயினும் அச்சிறு வேறுபாட்டிலேயே மூலக்கூறின் கட்டமைப்புப் பற்றிய செய்தி அடங்கியுள்ளது. புளொக், பேர்செல் ஆகியோர் 1946 இல் வெவ்வேறாகக் கண்டறிந்த இத்தோற்றப்பாட்டுக்கு 1952 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிறிய மூலக்கூறுகளுக்கு ஒரே அச்சில் வரையப்பட்ட கோடு போதுமாயிருந்தது. நூறு அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு புரதத்திலோ ஐதரசன் கருக்கள் பல நூறு. அவற்றின் முகடுகள் ஒன்றன்மேலொன்று விழுந்து, சந்தை இரைச்சலில் தனிக்குரல் கேளாததுபோல், ஒன்றும் விளங்காத திரளாகிவிடுகின்றன.

இந்நெருக்கடியிலிருந்தே பரிமாணங்கள் பிறந்தன. 1966 இல் கலிபோர்னியாவின் வேரியன் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஏர்ண்ஸ்ற், வெஸ்டன் அண்டர்சன் ஆகியோர் துடிப்பு முறையையும் பூரியே உருமாற்றத்தையும் இணைத்தனர். 1971 இல் பிரசல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஜீனெர் அன்றைய யூகோசிலாவியாவின் பாஸ்கோ பொல்யே எனும் கடற்கரையூரில் நடைபெற்ற கோடைப் பள்ளியில் இரண்டாவது மீடிறன் அச்சொன்றைச் சேர்க்கும் எண்ணத்தை முன்வைத்தார். அவ்விரிவுரை நெடுங்காலம் முறையாக அச்சேறாமலே கிடந்தமையும், சூரிச் நகரில் ஏர்ண்ஸ்றின் குழுவினர் 1976 இல் அதனை விரிவான கோட்பாடாக வளர்த்தெடுத்தமையும் விஞ்ஞான வரலாற்றில் அடிக்கடி கூறப்படும் செய்திகள். 1991 இல் ஏர்ண்ஸ்றுக்கும் 2002 இல் வூத்ரிக்குக்கும் நோபல் பரிசுகள் கிடைத்தன. கண்டுபிடிப்பைத் தனியொரு மேதையின் உடைமையாகக் காட்டும் போக்கு இப்பரிசுகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது. அதைப்பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. எமக்கு முக்கியமானது 1990 ஆம் ஆண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் இக்குரா, கே, பக்ஸ் ஆகியோர் ஐதரசன், காபன், நைதரசன் எனும் மூன்று கருக்களின் மீடிறன்களை மூன்று அச்சுகளாகக் கொண்ட பரிசோதனைகளைக் கல்மொடியுலின் எனும் புரதத்தில் நிகழ்த்திக் காட்டினர். அதுமுதல் புரத ஆய்வாளன் தாளை விட்டுக் கனவுருவை வாசிக்க வேண்டியவனானான்.

தளம் எனும் வடிவம் தோன்றிய பொருளியல் அடிப்படையை இங்குக் கணக்கிட்டுக் காட்டலாம். ஐதரசன் அச்சில் 512, காபன் அச்சில் 256, நைதரசன் அச்சில் 128 எனப் புள்ளிகளைக் கொண்ட நடுத்தர நிறமாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தப் புள்ளிகள் 1,67,77,216. புள்ளியொன்றுக்கு நான்கு பைற் வீதம் இது 64 மெகாபைற் ஆகும். 1990களின் முற்பகுதியில் ஆய்வுகூடங்களிற் காணப்பட்ட பணிநிலையக் கணினிகள் பலவற்றின் நினைவகம் இதனை ஒருங்கே தாங்கமாட்டாதது. ஆனால் நைதரசன் மீடிறன் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக நிறமாலையை 128 தளங்களாக வெட்டினால், ஒரு தளம் அரை மெகாபைற் மாத்திரமே. அதை எக்கணினியும் தாங்கும். டெலாக்லியோவும் தோழர்களும் 1995 இல் வெளியிட்ட என்.எம்.ஆர்.பைப் எனும் மென்பொருள் இவ்வழியையே கைக்கொண்டது. தளமொன்றுக்குக் கோப்பொன்று, கோப்பின் பெயரில் தளத்தின் வரிசை எண், ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் 2048 பைற் அளவினதான குறிப்பு. தரவு ஓடைபோலச் சிறு நிரல்களினூடாகப் பாய்ந்து செல்லும்; முழுமையும் ஒருபோதும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்றும் உலகெங்கும் பயன்படும் மென்பொருள் அது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் எமது நோக்கமன்று. வறுமையிற் பிறந்த உத்திகள் பல கலைகளிற் போலவே இங்கும் செம்மையான வடிவத்தை அடைந்துள்ளன.

எனினும் வடிவம் நடுநிலையானதன்று. தளந்தளமாக அடுக்கப்பட்ட நிறமாலையில் ஐதரசனும் காபனும் சேர்ந்த முகத்தைக் காண ஒரே கோப்பைத் திறந்தாற் போதும். அதே நிறமாலையை நைதரசனும் காபனும் சேர்ந்த முகமாகக் காண விழைவோன் 128 கோப்புகளையும் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வரியை எடுத்துக் கோத்தல் வேண்டும். ஒரு திசை எளிதாகவும் மற்றத் திசை அரிதாகவும் அமைந்துவிடுகின்றது. எளிய திசையே பழக்கமாகி, பழக்கமே முறையாகி, முறையே இயற்கையெனத் தோன்றும் மயக்கம் இவ்வாறே உருவாகின்றது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கொடார்ட், நெல்லர் ஆகியோர் எழுதிய ஸ்பார்க்கி எனும் மென்பொருள் இதற்கு மாற்றானதோர் அமைப்பைக் கைக்கொண்டது. கனவுருவைத் தளங்களாக அரியாது சிறுசிறு கட்டிகளாக வெட்டி ஒரே கோப்பில் அடுக்குவது அதன் முறை. எத்திசையில் தளத்தைக் கேட்பினும் அத்தளம் ஊடறுக்கும் கட்டிகளை மாத்திரம் வாசித்தாற் போதும். மூன்று திசைகளும் ஏறக்குறையச் சமத்துவம் பெறுகின்றன. ஓரமைப்பிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது தளக் கோப்புகளை முதலில் ஒரே தொடராக இணைக்கவேண்டும். அச்சுகளின் வரிசையையும் சரியாகக் கூறவேண்டும். வரிசை மாறினும் படம் வரவே செய்யும், அழகாகவும் இருக்கும். காபன் அச்சில் 45 முதல் 65 வரை இருக்கவேண்டிய எண்கள் 100க்கு மேலே நிற்பதைக் காணும் அனுபவசாலியே பிழையை உணர்வான். புதியவனுக்குப் படம் படமாகவே இருக்கும்.

இனி வாசிப்புக்கு வருவோம். புரதத்தின் அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. எம்முகடு எவ்வமினோ அமிலத்துக்கு உரியது என நிறுவுவதே வாசகனின் முதற்பணி. எச்.என்.சி.ஏ.சி.பி. எனும் பரிசோதனையில் ஒவ்வோர் அமினோ அமிலத்தின் நைதரசன், ஐதரசன் இடத்திலும் நான்கு முகடுகளை எதிர்பார்க்கலாம். அவ்வமிலத்தின் அல்பா, பீற்றா காபன்கள் இரண்டு. சங்கிலியில் அதற்கு முந்திய அமிலத்தின் அல்பா, பீற்றா காபன்கள் இரண்டு. அல்பாவும் பீற்றாவும் எதிரெதிர்க் குறியுடையவையாதலால் மென்பொருள் அவற்றை வெவ்வேறு வர்ணங்களிற் காட்டும். முந்தியதன் முகடுகள் பொதுவாக வலுக்குறைந்தவை. தளம் முழுவதையும் பார்க்காது அவ்விடத்தை மாத்திரம் ஒடுங்கிய நாடாவாக வெட்டியெடுத்து, இன்னொரு தளத்திலிருந்து வெட்டியெடுத்த நாடாவுக்கு அருகில் வைத்து ஒப்பிடுவர். ஒன்றில் ‘முந்தியது’ எனக் காணப்படும் இரு எண்களும் மற்றதில் ‘தன்னது’ எனக் காணப்படின் இரண்டும் அண்டையயலார். பீற்றா காபன் இல்லாத கிளைசின் 45க்கு அண்மையிலும், பீற்றா காபன் 19க்கு அண்மையில் நிற்கும் அலனின் தன் தனித்தன்மையாலும் தம்மை வெளிப்படுத்தும். அவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு சங்கிலி கோக்கப்படும். அந்தாதித் தொடையை அறிந்த தமிழ் வாசகனுக்கு இம்முறையை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றே: அந்தாதியில் செய்யுள்கள் வரிசையாகத் தரப்படுகின்றன, இங்குச் செய்யுள்கள் கலைத்துப் போடப்பட்டுள்ளன.

இவ்விடத்திற்றான் தளத்தின் பொய்த்தோற்றம் வாசகனைப் பிடிக்கின்றது. முகடு என்பது தளத்தில் வரையப்பட்ட வட்டம் அன்று. அது முப்பரிமாணத்தில் ஓர் உருண்டை. நைதரசன் திசையில் அதற்குத் தடிப்பு உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று தளங்களை அது ஊடறுத்து நிற்கும். அதன் மையம் ஒரு தளத்திலன்றி இரு தளங்களுக்கு இடையே விழுதலும் சாதாரணம். தளமொன்றை மாத்திரம் பார்ப்பவன் அண்டைத் தளத்து முகட்டின் விளிம்பைத் தனி முகடெனக் கணக்கிடுவான், ஒன்றை இரண்டாக்குவான். மற்றொரு வகையில், அளக்கப்பட்ட மீடிறன் எல்லைக்கு வெளியே உள்ள முகடு மடிந்து எல்லைக்குள்ளே வேற்றிடத்தில் வந்து நிற்கும். ஆர்ஜினினின் பக்கச் சங்கிலி நைதரசன் இவ்வாறு இடம்பெயர்ந்து வந்து புதியவர்களை ஏமாற்றும் பிரசித்தமான பாத்திரம். இவற்றுக்கு மென்பொருள் எழுதியோர் கண்ட பரிகாரம் குறிப்பிடத்தக்கது. ஸ்பார்க்கியிற் காட்சியின் ஆழத்தை வாசகனே நிர்ணயிக்கலாம். எத்தனை தளங்களை ஒன்றன்மேலொன்றாகக் காட்டுவது, எத்தனை தளத் தொலைவிலுள்ள முகடுகளின் அடையாளத்தை இத்தளத்திலும் காட்டுவது என்பவற்றை அவனே தீர்மானிக்கின்றான். ஆழத்தைக் கூட்டினால் தொடர்பு தெரியும், தெளிவு குறையும்; குறைத்தால் தெளிவு கூடும், தொடர்பு அறும். முரண்பாட்டை மென்பொருள் தீர்த்துவைக்கவில்லை. வாசகனின் கையில் ஒப்படைத்துள்ளது. அவ்வளவில் அது நேர்மையான மென்பொருள் என்பது எமது கருத்து.

கீழெல்லை பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். புவியியற் படத்திற் போலவே தளத்திலும் சமவுயரக் கோடுகளே வரையப்படுகின்றன. எவ்வுயரத்திலிருந்து கோடு வரைவது என்பதை யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அவ்வெல்லைக்குக் கீழே உள்ளவை யாவும் இரைச்சல் எனத் தள்ளப்படும். ஒரு தளத்தைப் பார்த்து நிர்ணயித்த எல்லை எல்லாத் தளங்களுக்கும் விதியாகின்றது. புரதத்தின் தளர்ந்த வாற்பகுதி உயர்ந்த முகடுகளைத் தரும். இரு நிலைகளுக்கிடையே மெதுவாக ஊசலாடும் பகுதி அகன்று தாழ்ந்த முகடுகளைத் தரும், சிலவேளை எதுவும் தராது. பிற மூலக்கூறுகளோடு இணையும் செயற்பாட்டிடங்கள் பல வேளைகளில் இவ்வாறு ஊசலாடுவனவே. எல்லைக்குக் கீழே போய்விட்ட அவற்றைப் பற்றிப் படம் மௌனம் சாதிக்கின்றது. அம்மௌனத்தை ‘அங்கு எதுவுமில்லை’ என வாசித்தல் எத்துணை எளிது என்பதை வரலாற்றாவணங்களை ஆராய்வோர் நன்கறிவர்.

இவற்றை நோக்குமிடத்து இரு தீவிர நிலைப்பாடுகள் சாத்தியமாகின்றன. கருவி காட்டுவதே உண்மை. மென்பொருள் வெறும் கண்ணாடி. உள்ளதை உள்ளவாறே காட்டுகின்றது என்பது ஒன்று. எமது இலக்கிய விவாதங்களில் இயற்பண்புவாதம் எனப் பெயர்பெற்ற போக்குக்கு இது நேரானது. மேற்பரப்பின் ஒவ்வொரு விபரத்தையும் சோர்வின்றிப் பதிவுசெய்து, விபரங்களை இணைக்கும் உறவுகளைக் கோட்டைவிடும் எழுத்தைப் பற்றி லூக்காச் 1936 இல் எழுதிய கட்டுரை யாவரும் அறிந்ததே. 128 தளங்களையும் அழகுறப் படமாக்கி வைத்தபின்னரும் புரதம் விளங்காமலிருத்தல் கூடும். ஏனெனில் புரதம் தளங்களில் இல்லை, தளங்களுக்கிடையேயான உறவில் உள்ளது. இதற்கு எதிரான நிலைப்பாடு, எல்லாம் வாசிப்பே. எல்லையும் ஆழமும் வாசகன் இட்டவையாதலால் புரதமும் அவன் புனைவே என்பது. அண்மைக்காலக் கோட்பாட்டு நவநாகரிகங்களுக்குப் பழகிய காதுகளுக்கு இது இனிமையாக ஒலிக்கலாம். ஆயின் சங்கிலி கோக்கும் ஆய்வாளன் தன் விருப்பப்படி கோக்க முடியாது. ஓரிடத்தில் தவறாகக் கோத்தால் சில அமிலங்களுக்கு அப்பால் அலனின் நிற்கவேண்டிய இடத்தில் கிளைசின் வந்து நிற்கும். புரதத்தின் தொடர்வரிசை அதை மறுக்கும். வாசகனின் கருத்துக்கு வெளியே நின்று அவனை எதிர்க்கும் ஒன்று உண்டு. அவ்வெதிர்ப்பே பொருளின் இருப்புக்குச் சான்று. வாசிப்பு உழைப்பாக இருப்பதன் காரணமும் அதுவே.

பலதளத் தரவில் இன்னொரு வகை உண்டு. எமது கருத்தில் மிக ஆழமான பிரச்சினையை எழுப்புவது அதுதான். பார்வைக்கு அதுவும் அடுக்கப்பட்ட தளங்களே. கோப்பின் வடிவிலும் வேறுபாடில்லை. ஆனால் அதன் மூன்றாம் அச்சு மீடிறன் அன்று, காலம். ஒரே புரதத்தின் ஒரே இருபரிமாண நிறமாலையை, ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் இடைவெளியைக் கூட்டிக்கூட்டி மீண்டும் மீண்டும் எடுப்பர். முகடுகள் இடம்பெயர்வதில்லை, தளத்துக்குத் தளம் தேய்ந்து செல்லும். அத்தேய்வின் வேகத்திலிருந்து புரதத்தின் எப்பகுதி விறைத்தது, எப்பகுதி அசைவது என்பதைக் கணிப்பர். தளர்வுப் பரிசோதனைகள் எனப்படுபவை இவை. வெப்பநிலையை மாற்றியும், மருந்து மூலக்கூறொன்றின் செறிவைக் கூட்டியும் இவ்வாறே தள வரிசைகளைப் பெறலாம். அவற்றில் முகடுகள் இடம்பெயரவும் கூடும். முப்பரிமாணம் போலத் தோற்றமளிப்பதால் இவற்றைப் போலி முப்பரிமாணம் என்பர். கனவுருவைக் கையாளும் மென்பொருள் இவ்வேறுபாட்டைத் தானாக அறியாது. மூன்றாம் அச்சிலும் பூரியே உருமாற்றத்தைச் செய் என்று அறியாமையாற் பணித்தால் அது மறுப்பின்றிச் செய்து முடிக்கும், விளைவு பொருளற்றதாகும்.

தளம் வடிவத்தில் ஒன்றாயிருக்க, உள்ளடக்கத்தில் இடமாகவும் இருக்கலாம், நிகழ்ச்சியாகவும் இருக்கலாம். முதல்வகையில் ஐந்தாம் தளத்துக்கும் ஆறாம் தளத்துக்கும் இடையேயுள்ள தூரம் சீரானது. தலைப்புக் குறிப்பிலிருந்தே கணக்கிடத்தக்கது. இரண்டாம் வகையில் அவ்வாறில்லை. முதல் இடைவெளி பத்து மில்லிசெக்கனாகவும் அடுத்தது முப்பதாகவும் அதற்கடுத்தது மீண்டும் பத்தாகவும் இருக்கலாம். பிழையை மதிப்பிடும்பொருட்டு ஒரே இடைவெளியை இருமுறை எடுப்பது வழக்கம். காலத்தோடு கருவி சிறிது சிறிதாக மாறுவதன் பாதிப்பைத் தவிர்க்க வேண்டுமென்றே வரிசையைக் கலைத்து அளப்பதும் உண்டு. எத்தளம் எக்காலத்துக்கு உரியது என்பதைத் தளங்கள் கூறமாட்டா. புரூக்கர் நிறுவனத்தின் கருவிகளில் அது தனியொரு சிறு எழுத்துக்கோப்பில், சில வரிகளே கொண்ட பட்டியலாக இருக்கும். பெருங்கோப்புகளைக் கவனமாகப் பிரதிசெய்வோர் இச்சிறு கோப்பை விட்டுவிடுதல் அரிதன்று. காலம் குறிக்கப்படாத செய்யுட்டொகையை வைத்துக்கொண்டு சமூக வரலாறு எழுத முயல்வோரின் இக்கட்டு எமது துறையில் நன்கு பரிச்சயமானது. எட்டுத்தொகையின் கால அடைவு பற்றி ஒரு நூற்றாண்டாகத் தொடரும் வாதங்களை இங்கு நினைவூட்டுதல் போதும்.

நாடாக்களை அருகருகே வைத்து ஒப்பிட்டு, சங்கிலி கோத்து, எல்லையை உயர்த்தித் தாழ்த்திப் பார்க்கும் இவ்வேலை யாரால் செய்யப்படுகின்றது? பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவராலும் குறுகிய ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட ஆய்வு உதவியாளராலும். நூற்றைம்பது அமிலங்களைக் கொண்ட புரதமொன்றுக்கு வாரக்கணக்கில், சிக்கலானதாயின் மாதக்கணக்கில் அவ்வுழைப்புச் செல்லும். இறுதியில் அச்சேறுவது சுருண்ட நாடாக்களாலான வர்ணப்படம் ஒன்று. அப்படத்திலே தளம் இல்லை, எல்லை இல்லை, ஐயத்தோடு இடப்பட்ட குறிகள் இல்லை, அழித்து மீண்டும் எழுதப்பட்டவை இல்லை. மனித உறவுகள் பொருள்களின் பண்புகளாகத் தோற்றமளிக்கும் நிலையை மார்க்சியம் எவ்வாறு விளக்கியதென்பது இச்சஞ்சிகையின் வாசகர்க்குப் புதிதன்று. 2022 இல் சூரிச்சைச் சேர்ந்த குளுகொவ்ஸ்கி, ரீக், கூன்ரெர்ற் ஆகியோர் வெளியிட்ட ஆர்ட்டினா எனும் முறை, நிறமாலைகளைத் தந்துவிட்டால் மனிதக் கையின்றிச் சில மணி நேரத்தில் முகடுகளைக் குறித்துச் சங்கிலி கோத்துக் கட்டமைப்பையும் தருகின்றது. 100 புரதங்களின் 1329 நிறமாலைகளைக் கொண்டு அது சோதிக்கப்பட்டது. இதனை நாம் வரவேற்கிறோம். கண்ணையும் முதுகையும் வருத்தும் வேலையை இயந்திரம் ஏற்பதை எதிர்ப்பது முற்போக்காகாது. ஆயின் இத்தகைய இயந்திரம் எது முகடு, எது இரைச்சல் என்பதை வெற்றிடத்திலிருந்து கற்பதில்லை. முன்னர் மனிதர் இட்ட குறிகளிலிருந்தே கற்கின்றது. உயிருள்ள உழைப்பு, இறந்த உழைப்பாய்ச் சேமிக்கப்பட்டு, மீண்டும் வேலைக்கு வருகின்றது. அக்குறிகளை இட்டோரின் பெயர்களைத் தேடினால் அகப்படுவது அருமை.

இனி உடைமைப் பிரச்சினை. 1966 இல் ஏர்ண்ஸ்றுக்கும் அண்டர்சனுக்கும் தொழிற்களமாயிருந்த வேரியன் நிறுவனம் 2010 இல் அஜிலன்ற் நிறுவனத்தால் விலைக்கு வாங்கப்பட்டது. 2014 இல் அந்நிறுவனம் காந்தப் பரிவுத் தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. இலாபம் போதாத இடத்திலிருந்து மூலதனம் விலகுதல் அதன் இயல்பு; வியப்பதற்கில்லை. ஆயின் அந்நிறுவனத்தின் கருவிகளால் பல்லாண்டுகளாக அளக்கப்பட்ட நிறமாலைகள் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவிலான கோப்புகளில் உலகின் ஆய்வுகூடங்களிற் கிடக்கின்றன. அவற்றை இன்றும் வாசிக்க முடிகின்றதெனின், அதற்குக் காரணம் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவந்த வாசிப்பு நிரல்களே. 2013 இல் ஹெல்மஸ், ஜரோனியெக் ஆகியோர் வெளியிட்ட என்.எம்.ஆர்.குளூ எனும் திறந்த மூலநிரல் வேரியன், புரூக்கர், ஸ்பார்க்கி வடிவங்கள் யாவற்றையும் வாசிக்க வல்லது. ஸ்பார்க்கியின் வரலாறும் இவ்வாறே. மூல ஆசிரியர்கள் அதனை வளர்ப்பதை நிறுத்திய பின்னர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் தேசியக் காந்தப் பரிவு நிலையம் அதனை ஏற்றுப் புதுக்கி 2015 இல் வெளியிட்டது. 2021 இல் அதன் வழியில் போக்கி எனும் மென்பொருள் தோன்றியது. மூலநூல் வழக்கிழக்குமுன் உரையாசிரியர் ஒருவர் வந்து அதனைத் தம் காலத்துக்கு மீட்டளித்தலை இது ஒக்கும்.

இவ்விடயம் வறிய நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு ஏன் முக்கியமாகின்றது என்பதையும் கூறவேண்டும். 2020 இல் புளோரன்ஸ் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட 1.2 கிகாஹேர்ட்ஸ் கருவியின் காந்தம் 28.2 ரெஸ்லா வலிமையுடையது. இத்தகைய காந்தத்தை வாங்குவதற்குப் பல மில்லியன் டொலர் வேண்டும்; அதைக் குளிர்நிலையில் வைத்திருக்கத் திரவ ஹீலியம் இடையறாது வேண்டும். ஆனால் அக்காந்தத்திலிருந்து வெளிவரும் தளங்களை வாசிக்க இன்றைய சாதாரணக் கணினி போதும். 1990களில் நினைவகம் தாங்காத அந்த 64 மெகாபைற் இன்று கைத்தொலைபேசிக்கும் பாரமன்று. அளத்தல் செல்வர்க்கே உரியதாய் நீடிப்பினும் வாசித்தல் அவ்வாறு இருக்கவேண்டுவதில்லை. தடை இப்போது கருவியில் இல்லை. எது பொதுவில் வைக்கப்படுகின்றது என்பதிலேயே உள்ளது.

2010 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, காந்தப் பரிவு முறையாற் கண்ட புரதக் கட்டமைப்பை உலகப் புரதத் தரவு வங்கியிற் பதிவோர் அக்கட்டமைப்புக்கு ஆதாரமான இரசாயனப் பெயர்ச்சி எண்களையும் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அவ்வெண்களை விஸ்கொன்சினில் தோற்றங்கொண்ட உயிரியற் காந்தப் பரிவுத் தரவு வங்கி பேணுகின்றது. விதி வரவேற்கத்தக்கது. எனினும் அவ்வெண்கள் வாசிப்பின் முடிவே, வாசிக்கப்பட்ட பனுவல் அன்று. முகடுகளின் பட்டியலும் கருவியிலிருந்து நேரே வந்த மூலத் தரவும் பதிவோரின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளன. பாடபேதங்களை மறைத்து, தாம் கொண்ட பாடத்தை மாத்திரம் அச்சிட்டு, சுவடியையும் பூட்டி வைத்துவிட்ட பதிப்பாசிரியரை நாம் எவ்வாறு மதிப்போமோ அவ்வாறே இதனையும் மதிக்க வேண்டியுள்ளது. பொதுப்பணத்தால் அளக்கப்பட்ட தரவுக்கு இவ்விலக்கு ஏன் எனும் வினாவுக்கு, இடவசதி போதாது என்ற பழைய பதில் இன்று செல்லாது.

மூலத் தரவைப் பதிவோரும், எல்லை எவ்வுயரத்தில் இடப்பட்டது, அச்சுகளின் வரிசை யாது, எந்நிரல் எவ்வொழுங்கில் இயக்கப்பட்டது என்பவற்றையும் உடன்வைத்தாலன்றி அடுத்த வாசகனால் அதே தளங்களை மீண்டும் உருவாக்க இயலாது. தளர்வுப் பரிசோதனையாயின் அந்தக் காலப் பட்டியலும் வேண்டும். இருபது தளங்களும் பழுதின்றிக் கிடைத்து, சில வரிகளே கொண்ட அச்சிறு கோப்பு மாத்திரம் இல்லாதுபோயின், புளோரன்ஸ் நகரத்து ஆய்வாளன் மீண்டும் காந்தத்தின் முன்னே சென்று அளந்துகொள்வான். காந்தம் இல்லாத பல்கலைக்கழகத்து மாணவிக்கு அந்த இருபது தளங்களால் ஆகக்கூடியது எதுவுமில்லை.